எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், உடம்பு மட்டும் சரியில்லை

நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. விரல் நுனி மரத்துப்போகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுகிறது. இரவெல்லாம் படுத்திருந்தும் காலையில் அடித்துப்போட்ட அசதி. ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, ரத்தம் கொடுத்தாயிற்று, வயிற்று ஸ்கேனும் முடிந்தது. "ஒண்ணும் இல்ல, டென்ஷன்தான்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். உங்களுக்கோ அப்படியொரு டென்ஷன் இருப்பதாகவே தெரியவில்லை. புதுச்சேரியில் கோரிமேட்டு ஜிப்மருக்கும் ஊருக்குள் இருக்கும் கிளினிக்குகளுக்குமாக ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ரிப்போர்ட்டுகளோடு அலைகிறீர்கள் என்றால், இது உங்களுக்குத்தான்.

ஒன்றும் இல்லை என்றால், நான் நடிக்கிறேனா?

இல்லை. ஒரு பரிசோதனை எதைத் தேடுகிறதோ அதைப் பற்றி மட்டும்தான் அது பேசும். ஈ.சி.ஜி. எடுத்த அந்தச் சில விநாடிகளில் இதயம் சீராகத் துடித்தது. அந்தத் தாளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நேற்று ராத்திரி தூக்கத்திலிருந்து உங்களை எழுப்பிய படபடப்பு அதற்குத் தெரியாது. உறுப்பில் பழுது இருந்தால் பரிசோதனைகள் நன்றாகவே கண்டுபிடிக்கும். உறுப்பு நன்றாக இருந்தும் அதன் ஓட்டம் தாறுமாறானால் பல நேரம் தவறவிடும். உங்கள் அசதியும் உண்மை, ரிப்போர்ட்டும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நம்பலாம்.

கவலையே இல்லாமல் உடம்பு எப்படிப் பதறும்?

இதயத் துடிப்பு, மூச்சு, வியர்வை, குடலின் அசைவு இவற்றையெல்லாம் நாம் நினைத்து நடத்துவதில்லை. தன்னியக்க நரம்பு மண்டலம் (நம் உத்தரவுக்குக் காத்திராமல் தானே இயங்கும் நரம்பு வலை) பார்த்துக்கொள்கிறது. ஆபத்து என்று அது முடிவு செய்தால் அட்ரினலின் (உடம்பை ஓடவோ சண்டையிடவோ தயாராக்கும் சுரப்பு) ரத்தத்தில் கலக்கும். இதயம் வேகமெடுக்கும், கை நடுங்கும், வயிறு புரட்டும், வியர்த்துக் கொட்டும். பூனை உரசிப் போனாலும் அலறுகிற கார் அலாரம்போல, சிலருக்கு இந்த மண்டலம் அற்பக் காரணத்துக்கே கிளம்பிவிடும். தூக்கக்குறைவு, பட்டினி, காய்ச்சலின் மிச்சம், வெறும் வயிற்றில் குடித்த காபி, வருஷக்கணக்கில் சுமந்து பழகிப்போன ஒரு பாரம் என எதுவும் போதும். பழகிப்போன பாரம் மனதுக்குக் கவலையாகத் தெரியாது. உடம்பு மட்டும் கணக்கு வைத்திருக்கும்.

விரல் மரத்துப்போவதும் வாயைச் சுற்றிக் குறுகுறுப்பதும் எதனால்?

பதறும்போது நமக்குத் தெரியாமலே மேல்மூச்சாக, வேகமாக விடுகிறோம். அப்போது உடம்பிலிருந்து கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. ரத்தத்தின் அமிலத்தன்மை சற்றுக் குறைந்து, அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து நரம்புகளுக்குக் கிடைக்கும் விதம் மாறுகிறது. நரம்பும் தசையும் முறுக்கேறுகின்றன. விரல் மரப்பு, கிறுகிறுப்பு, சில சமயம் விரல்கள் இழுத்துக்கொள்வது எல்லாம் இதனால்தான். காற்று போதவில்லை என்று தோன்றி இன்னும் வேகமாக இழுப்பீர்கள், தொல்லை இன்னும் கூடும். பயமுறுத்தும் அனுபவம்தான், ஆனால் இதனால் உயிர் போவதில்லை. மூச்சை மெல்ல உள்ளே இழுத்து, அதைவிட நீளமாக வெளியே விடுங்கள். அதையே சில நிமிடம் தொடருங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். பிரச்சினை உண்மையில் இதயத்திலோ நுரையீரலிலோ இருந்தால் அது ஆபத்தாகும்.

அப்படியானால் டென்ஷன் என்று விட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பதற்றத்தின் வேஷம் போட்டுக்கொண்டு வரும் உடல் நோய்கள் பல உண்டு. டென்ஷன் என்ற முடிவுக்கு வரும் முன் அவற்றை ஒரு முறை முறையாகப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் தைராய்டு. கழுத்தில் உள்ள இந்தச் சுரப்பி அதிகமாக வேலை செய்தால் படபடப்பு, நடுக்கம், சூடு தாங்காமை, எடை குறைவு வரும். குறைவாக வேலை செய்தால் அசதி, எடை கூடுதல், மலச்சிக்கல். டி.எஸ்.ஹெச். என்ற ஒரே ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் இதைச் சொல்லிவிடும்.

அடுத்து ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இது இருந்தது. ரத்தம் குறைந்தால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டும், படி ஏறினால் மூச்சு வாங்கும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பு இருப்பு காலியாகியிருக்கலாம். மாதவிடாயில் அதிகம் போகிறவர்கள் ஃபெரிட்டின் (உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் பரிசோதனை) பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

வைட்டமின் பி12 குறைந்தாலும் அசதி, மரமரப்பு, மறதி வரும். சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் போடுகிறவர்களுக்கும் இந்தக் குறைவு வர வாய்ப்பு அதிகம். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் வரும் வியர்வையும் நடுக்கமும் பதற்றத்தை அப்படியே ஒத்திருக்கும். அந்த நேரத்தில் வீட்டு மெஷினில் ஒரு துளி ரத்தம் வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

படபடப்பு சுவிட்ச் போட்டதுபோல் திடீரென்று தொடங்கித் திடீரென்று நின்றால், அது இதயத்தின் தாளக் கோளாறாக இருக்கலாம். ஹோல்டர் (24 மணி நேரம் உடம்பில் மாட்டியிருக்கும் சிறிய ஈ.சி.ஜி. கருவி) மாட்டியிருக்கும்போது படபடப்பு வந்தால் அதைப் பிடித்துவிடும். எழுந்து நின்றதும் படபடப்பும் கிறுகிறுப்பும் வந்தால் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் நாடியையும் பி.பி.யையும் அளக்கச் சொல்லுங்கள். நம் ஊர் மே மாதப் புழுக்கத்தில் உப்பும் நீரும் இழந்தே பலர் இப்படி ஆகிறார்கள்.

குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். நாற்பதுகளின் நடுவில் உள்ள பெண்களுக்கு மாதவிடாய் நிற்கப்போகும் காலத்து மாற்றம் காரணமாகலாம். டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா வந்து போனவர்களுக்கு அசதி மாதக்கணக்கில் தொடர்வதும் உண்டு. ஆஸ்துமா இன்ஹேலர், மூக்கடைப்பு மாத்திரை ஆகியவையும் கையை நடுங்க வைக்கும். நீங்கள் போடும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, டாக்டரிடம் காட்டுங்கள்.

குடிப்பவர்களுக்கு வேறு ஏதாவது உண்டா?

உண்டு. இந்த ஊரில் இதைப் பேசாமல் போவது நியாயமில்லை. தினமும் குடிக்கிறவருக்கு விடிந்ததும் கை நடுங்கி, வியர்த்து, நெஞ்சு படபடத்து, ஒரு ரவுண்டு போட்டதும் அடங்கிவிடுகிறது என்றால், அது குடி இறங்கும்போது நரம்புகள் கிளர்ந்தெழுவதுதான். 'பதற்றத்துக்காகக் குடிக்கிறேன்' என்பார், பதற்றத்தைக் கொண்டுவந்ததே குடியாக இருக்கும். ஆனால் ஒரே நாளில் நிறுத்திவிடும் வீரம் வேண்டாம். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மருத்துவமனையில் மருந்தின் துணையோடு நிறுத்த வேண்டும்.

எதற்கு உடனே ஓட வேண்டும்?

நடக்கும்போது நெஞ்சை அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி. மயங்கி விழுதல். ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், வாய் கோணுதல். படுத்தால் மூச்சு முட்டுதல். இவற்றில் ஒன்று வந்தாலும் டென்ஷனா இல்லையா என்று வீட்டில் விவாதம் நடத்தாமல் 108ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் மாரடைப்பு சில நேரம் வலியே இல்லாமல் அசதியாகவும் மூச்சுத்திணறலாகவும் வரும். 'கேஸ்' என்று சோடா குடித்துக் காத்திருப்பதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. காரணமில்லாமல் எடை குறைவது, மாலைக் காய்ச்சல், இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், மலத்தில் ரத்தம் ஆகியவை இருந்தால் அந்த வாரத்திலேயே டாக்டரைப் பாருங்கள்.

எல்லாம் பார்த்தும் காரணம் கிடைக்கவில்லை. இன்னொரு ஸ்கேன் எடுக்கட்டுமா?

எனக்குத் தோன்றுவதை நேராகவே சொல்கிறேன். ஒரு முழுச் சுற்று பரிசோதனை முடிந்த பிறகு, புதிய அறிகுறி ஏதும் வராதவரை, இன்னொரு ஸ்கேன் எடுப்பதில் லாபம் ஸ்கேன் சென்டருக்குத்தான். பார்க்கப் பார்க்க ஏதாவது ஒரு சின்ன வித்தியாசம் தென்படும், அதைத் துரத்தி அடுத்த பரிசோதனை, அதற்கிடையில் பயம். ஐந்து டாக்டரிடம் ஐந்து துண்டுக் கதை சொல்வதைவிட ஒரே டாக்டரிடம் முழுக் கதையையும் சொல்வது மேல். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். எப்போது தொடங்கியது, எப்போது கூடுகிறது, எதில் குறைகிறது, என்னென்ன மருந்து என்று ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். இரண்டு வாரம் தூக்கம், சாப்பாடு, காபி, மாதவிடாய், படபடப்பு வந்த நேரம் இவற்றைக் குறித்து வைத்தால், டாக்டர் கண்ணுக்குப் படாதது உங்கள் கண்ணுக்கே பட்டுவிடும்.

இதற்கு நரம்புத் தளர்ச்சி என்று பெயர் சொல்கிறார்களே?

சுவர் விளம்பரத்திலும், இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் சந்திக்கலாம் என்கிற நோட்டீஸிலும் சொல்கிறார்கள். நியூரஸ்தீனியா என்ற பெயரில் இப்படியொரு நோயை 1869ல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்டு எழுதிப் பரப்பினார். 2022ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது தனி நோயாக இல்லை. நரம்பு தளர்ந்து தொங்குவதில்லை, லேகியத்தால் அது இறுகுவதுமில்லை. விந்து வீணானதால்தான் உடம்பு சோர்ந்தது என்று நம்பி இளைஞர்கள் படும் பயத்தை மனநல மருத்துவர் என்.என்.விக் 1960ல் 'தாத்து' நோய்க்குறி என்று விவரித்தார். அந்தப் பையன்களின் அசதியும் படபடப்பும் உண்மை. அவர்கள் சொல்லும் காரணம்தான் உண்மையல்ல. லாட்ஜ் வைத்தியர்கள் பிழைப்பது அந்தக் காரணத்தை விற்றுத்தான்.

பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர் மக்னீசியம் மாத்திரை அனுப்பினார், போடலாமா?

புதுச்சேரியில் பல வீடுகளில் எழும் கேள்வி இது. 1970, 80களில் பிரான்சில் இதே படபடப்பு, மரமரப்பு, அசதிக்கு 'ஸ்பாஸ்மோஃபிலி' என்று பெயர் வைத்து, மக்னீசியமும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்ததுதான் காரணம் என்று மாத்திரை எழுதினார்கள். பிரான்சுக்கு வெளியே மருத்துவ உலகம் அதைத் தனி நோயாக ஏற்கவில்லை. பெரும்பாலும் வேகமூச்சும் பதற்றமும் சேர்ந்த நிலை என்றே கருதுகிறார்கள். ஆரோக்கியமானவர் கொஞ்ச நாள் மக்னீசியம் போட்டால் வயிற்றுப்போக்கைத் தவிரப் பெரிய கெடுதி வராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பாரிஸ் பெயரோ லாட்ஜ் நோட்டீஸ் பெயரோ, பெயர் கிடைத்ததால் மட்டும் அசதி குறைவதில்லை.

இது பெண்களுக்கு வருவதுதானே?

ஆண்களுக்கும் வரும். படபடப்பு, மூச்சு முட்டல், அசதி, ஆனால் இதயத்தில் பழுதில்லை என்று 1871ல் ஜேகப் டா கோஸ்டா என்ற மருத்துவர் எழுதியது அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சிப்பாய்களைப் பற்றி.

பெண்கள் விஷயத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. கோவாவில் 18 முதல் 50 வயது வரையிலான சுமார் 2500 பெண்களிடம் விக்ரம் பட்டேல் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள்; 2005ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்தது. ஏறத்தாழ 12 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்கும் மேலாக அசதி இருப்பதாகச் சொன்னார்கள். ரத்தசோகைதான் காரணமாக இருக்கும் என்று நாம் எல்லோரும் நினைப்போம். ஹீமோகுளோபின் அளவுக்கும் அந்த அசதிக்கும் தொடர்பே காணப்படவில்லை. தொடர்பு இருந்தது கடனோடும், கணவனின் வன்முறையோடும், வீட்டில் தன் பேச்சுக்கு மதிப்பில்லாததோடும், மனநலத்தோடும். ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. இரும்பு மாத்திரை கொடுத்தும் அசதி போகாத பெண்ணிடம், வீட்டில் எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்க வேண்டும் என்று அர்த்தம். டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லலாம். அதுவும் மருத்துவத் தகவல்தான்.

மனநல மருத்துவரிடம் போனால் பைத்தியம் என்று முத்திரை விழாதா?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமாக வைக்கப்பட வேண்டும். மற்ற நோய்களைப்போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரப்பட வேண்டும். 1823ல் பிரெஞ்சு ஆட்சி தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த ஜிப்மரிலும், கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநலத் துறை இருக்கிறது. நேரில் போகத் தயங்கினால் 14416 (டெலி-மானஸ், மத்திய அரசின் மனநல உதவி எண்) எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. சாகலாம் என்ற எண்ணம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த எண்ணை அழையுங்கள்.

அங்கே தரும் மாத்திரை தூங்க வைத்து அடிமையாக்கிவிடுமாமே?

இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். அல்பிரசோலம் போன்றவை அரை மணியில் படபடப்பை அடக்கும், ஆனால் சில வாரங்களிலேயே உடம்பு அவற்றுக்குப் பழகிவிடும். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஏற்கெனவே நெடுநாளாகப் போடுகிறவர் சட்டென்று நிறுத்தவும் கூடாது. செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம் போன்றவை இன்னொரு வகை. இவற்றுக்கு அப்படி அடிமையாவதில்லை. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். முதல் சில நாளில் குமட்டலும் படபடப்பும் சற்றுக் கூடலாம். பலர் அங்கேயே நிறுத்திவிட்டு 'எனக்கு ஒத்துக்கலை' என்கிறார்கள். குணம் தெரிந்த பிறகும் பல மாதம் தொடர்ந்து, டாக்டர் சொல்லும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும். அறிவு-நடத்தை சிகிச்சை (பயத்தைத் தூண்டும் எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாற்றும் முறை) கிடைத்தால் இன்னும் நல்லது.

குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வருகிறதே?

ஒரு பாட்டில் குளுக்கோஸில் இருக்கும் சத்து இரண்டு மூன்று இட்லிக்கு மேல் இல்லை. படுத்து ஓய்வெடுத்ததும், ஒருவர் நம்மைக் கவனித்ததும்தான் பெரும்பாலும் அந்தத் தெம்பு.

தினசரி வாழ்க்கையை எப்படி ஓட்டுவது?

எழும் நேரத்தை மட்டும் முதலில் நிலையாக்குங்கள். படுக்கும் நேரம் பின்னால் வந்து சேரும். மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். படபடப்பு வந்த இடத்துக்கெல்லாம் போகாமல் ஒதுங்கினால், முதலில் பஸ், பிறகு மார்க்கெட், பிறகு வாசல்படி என்று உலகம் சுருங்கிவிடும். எனவே கொஞ்ச நேரமாவது வெளியே போங்கள். மாலையில் வண்டிகளை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலை நடக்கத் தோதானது. முதல் வாரம் பத்து நிமிடம் போதும்.

நடந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழவே முடியாமல் போகிறதா? அப்படியானால் விஷயம் வேறு. நாள்பட்ட அசதி நோயிலும் (சின்ன வேலைக்குப் பிறகும் உடம்பு பல நாள் முடங்கும் நிலை) கொரோனாவுக்குப் பிந்தைய அசதியிலும் விடாப்பிடியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் நிலைமை மோசமாகலாம். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அப்படிக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சியைத் தர வேண்டாம் என்று மாற்றியது. அப்படிப்பட்டவர்கள் தெம்பு தீரும் முன்பே நிறுத்த வேண்டும். துணி துவைக்கும் நாளில் வீடு துடைக்க வேண்டாம். நன்றாக இருக்கும் ஒரு நாளில் பாக்கி வேலை முழுவதையும் முடித்துவிடும் ஆசைதான் இவர்களுக்கு எதிரி.

வீட்டில் யாரும் நம்புவதில்லையே?

வீட்டாரிடம் இந்தப் பகுதியைக் காட்டுங்கள். "எல்லாம் உன் நினைப்புதான்" என்று சொன்னால் ஒருவருடைய படபடப்பும் நின்றதில்லை. ஒவ்வொரு முறையும் பதறியடித்துக்கொண்டு கேஷுவால்டிக்குத் தூக்கிக்கொண்டு போவதும் பயத்தைத்தான் வளர்க்கும். பக்கத்தில் உட்கார்ந்து, "போன தடவை மாதிரியே அடங்கிடும், மெல்ல மூச்சு விடு" என்று சொல்லுங்கள். திடீர்ப் பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், அரை மணிக்குள் இறங்கிவிடும். வீட்டு வேலையில் ஒன்றைக் கேட்காமலே எடுத்துச் செய்தால், சத்து டானிக் வாங்கித் தருவதைவிட அதில் பலன் அதிகம்.

எப்போது சரியாகும்?

பதற்றம்தான் காரணம் என்றால், ஒழுங்கான சிகிச்சையில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் நல்ல முன்னேற்றம் தெரியும். இடையில் ஒரு வாரம் பழையபடி ஆனால், சிகிச்சை தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். காய்ச்சலுக்குப் பிந்தைய அசதி மெல்லத்தான் விலகும். நாள்பட்ட அசதி நோய் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். சொன்ன மருந்தைச் சொன்னபடி சாப்பிட்டும் மூன்று மாதத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால், டாக்டரை மாற்றுவதற்கு முன் அவரிடமே நேராகச் சொல்லுங்கள்: "இது எனக்கு வேலை செய்யலை, வேற என்ன வழி இருக்கு?"